விரல் பட்டதும் நிற்கும் ரம்பம்: வீட்டு மரவேலைக்கு அந்த விலை தகுமா?

மேசையின் நடுவே வட்டப் பிளேடு எழுந்து நின்று சுழலும் ரம்பமான டேபிள் சா வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்கச் சந்தையில் தூக்கிச் செல்லக்கூடிய நல்ல டேபிள் சா ஒன்று சுமார் 600 டாலர். விரல் பட்டால் பிளேடு நின்றுவிடும், சா ஸ்டாப் என்ற நிறுவனத்தின் இயந்திரங்களில் மிகச் சிறியதே சுமார் 900 டாலரில்தான் தொடங்குகிறது. வார்ப்பிரும்பு மேசையும் பெரிய மோட்டாரும் உள்ள கேபினட் வகை 3000 டாலரைத் தாண்டும். விடுமுறை நாளில் ஒரு ஸ்டூல், ஒரு அலமாரி என்று செய்கிறவர் இவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டேபிள் சாவில் அடிக்கடி மரம் கிழிக்கிறவர் என்றால், கட்டாயம் தகும். ஆனால் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் இது முதல் செலவாக இருக்கக் கூடாது. விரல் பிளேடைத் தொட்ட பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் வேலையைத் தொடங்குகிறது. விரலை அதுவரை போகவிடாமல் தடுக்கும் பொருள்கள் எல்லாமே மலிவானவை. பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே கழற்றி மூலையில் போடுவதும் அவற்றைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

சா ஸ்டாப்பின் பிளேடும் அதைத் தாங்கும் தண்டும் இயந்திரத்தின் மற்ற பாகங்களிலிருந்து மின்கடத்தாப் பொருளால் பிரிக்கப்பட்டிருக்கும். பிளேடில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மரம் அந்தச் சமிக்ஞையை அதிகம் இழுக்காது. மனித உடல் இழுக்கும். கைபேசித் திரை விரலை அறிந்துகொள்வதும் ஏறக்குறைய இதே முறையில்தான். தோல் பல்லைத் தொட்டதும் சமிக்ஞை சட்டென்று சரியும். பிரேக்கும் அதன் மின்சுற்றும் அடங்கிய, கழற்றி மாட்டும் சிறு பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அதில் இருக்கும் சிறு கணினி அதைக் கண்டுகொள்ளும்.

பிளேடுக்கு மிக அருகில் ஓர் அலுமினியக் கட்டி, அழுத்தி வைத்த வலுவான ஸ்பிரிங்கின் முனையில் காத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய கம்பி. சமிக்ஞை சரிந்ததும் கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் முழுவதும் அந்தக் கம்பியில் பாயும். கம்பி உருகி அறுந்துவிடும். ஸ்பிரிங் கட்டியைப் பிளேடின் பற்களுக்குள் தள்ளும். பற்கள் அலுமினியத்தைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். சுழற்சி வேகம் ஒரே கணத்தில் எங்காவது போயாக வேண்டுமல்லவா, அந்த விசை பிளேடை மேசைக்குக் கீழே இழுத்துப் போடும். மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் துண்டிக்கப்படும். எல்லாம் சேர்ந்து 5 மில்லி செகண்டுக்குள்.

இந்த 5 மில்லி செகண்ட் எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் நொடிக்குச் சுமார் 67 சுற்று. 40 பல் பிளேடில் ஒரு நொடிக்கு 2600-க்கும் மேற்பட்ட பற்கள் ஒரே இடத்தைக் கடக்கும். வலி தெரிந்து கையை இழுக்க மனிதனுக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் ஐந்நூறுக்கும் அதிகமான பற்கள் விரல் இருந்த இடத்தைக் கடந்திருக்கும். ‘பட்டதும் இழுத்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமே இல்லை. பிரேக் வேலை செய்யும்போது பிளேடு மூன்றில் ஒரு சுற்றுகூடப் போகாமல் நிற்கிறது. நிதானமாக மரத்தைத் தள்ளும் கை நொடிக்கு 10 செ.மீ. நகர்கிறது என்றால், அந்த 5 மில்லி செகண்டில் அரை மி.மீ.தான் முன்னேறும். மிஞ்சுவது ஒரு கீறல்.

கை தெறித்துப்போய் வேகமாக விழுந்தால் காயம் ஆழமாகும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் முன்மொழிந்த விதியில் அளவுகோலாக வைத்தது இதைத்தான்: நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் போலி விரலில் வெட்டு 3.5 மி.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. 3.5 மி.மீ. என்றால் தையல் வேண்டியிருக்கலாம். ஆனால் விரல் கையிலேயே இருக்கும்.

அந்த ஆணையத்தின் மதிப்பீட்டில், 2015-இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 30,500 பேர் டேபிள் சா பிளேடு பட்டு அவசர சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,700 பேருக்கு விரலோ கையின் ஒரு பகுதியோ துண்டானது. இத்தனைக்கும் அங்கே விற்கும் இயந்திரங்களில் மூடியும் தடுப்பும் சேர்ந்தே வருகின்றன.

ஒருமுறை வேலை செய்தால் என்ன செலவு

அலுமினியக் கட்டிக்குள் புதைந்த பிளேடை இழுத்து வெளியே எடுக்கலாம். ஆனால் பற்களின் கார்பைடு முனை உடைந்திருக்கும், தட்டும் வளைந்திருக்கலாம். அதைத் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது. கார்ட்ரிட்ஜும் ஒருமுறைதான் பயன்படும். கார்ட்ரிட்ஜுக்குச் சுமார் 100 டாலர், நல்ல பிளேடுக்கு 50 முதல் 100 வரை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவைக்கும் 150 முதல் 200 டாலர் போய்விடும். விரலைக் காப்பாற்றியதற்கு இது ஒன்றுமே இல்லை. உண்மையிலேயே விரல் பட்டதால் செயல்பட்ட கார்ட்ரிட்ஜைத் திருப்பி அனுப்பினால், அதிலுள்ள பதிவைச் சோதித்துவிட்டுப் புதியது ஒன்றை நிறுவனமே இலவசமாகத் தருகிறது.

எரிச்சல் வருவது விரல் படாமலேயே அது வெடிக்கும்போது, அதாவது பிரேக் பாயும்போது. அதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவுதான், இயந்திரக் கோளாறு அரிது. மரத்தைக் கோணம் பிடித்துக் குறுக்கே தள்ள உதவும் மைட்டர் கேஜில் மாட்டிய அலுமினியத் தடுப்பு பிளேடில் உரசுவது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. கோணம் மாற்றியதும் மோட்டாரைப் போடாமல் பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் உலோகம் தட்டவில்லை என்று பார்த்துவிட்டால் இது நடக்காது. நன்றாகக் காயாத பச்சை மரமும் மழையில் நனைந்த பலகையும் மின்சாரத்தைக் கடத்தும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பூச்சுள்ள அக்ரிலிக், கார்பன் ஃபைபர், பின்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய பலகை ஆகியவையும் அப்படித்தான். மரத்துக்குள் கிடக்கும் சின்ன ஆணி பொதுவாகப் பிரேக்கைத் தட்டிவிடாது. அந்த ஆணி உங்கள் கையையோ மேசையையோ தொட்டுக்கொண்டிருந்தால்தான் சிக்கல்.

சந்தேகமான மரம் என்றால் பைபாஸ் சாவியைத் திருப்பி, பிரேக்கை அணைத்துவிட்டு ஒரு துண்டை அறுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் செயல்பட்டிருக்கும் என்றால் சிவப்பு விளக்கு மின்னிக் காட்டும். மின்னவில்லை என்றால் வழக்கமான முறைக்குத் திரும்பிவிடலாம். பைபாஸ் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திருப்பினால்தான் வேலை செய்யும். அணைத்துப் போட்டதும் பாதுகாப்பு தானாகத் திரும்பிவிடும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

பிரேக் தடுக்காத ஆபத்து

டேபிள் சாவில் இன்னொரு விபத்து உண்டு, கிக்பேக். விரல் போகும் விபத்துகளில் பலவற்றுக்கு இதுவே தொடக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேசைக்குக் கீழிருந்து மேலே எழுந்து வருகின்றன. அறுத்த மரம் பின்பக்கப் பற்களில் கொஞ்சம் சாய்ந்து பட்டாலும் போதும். பற்கள் அதைத் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலாக உங்களை நோக்கி எறியும். பிளேடின் விளிம்பு நொடிக்கு 53 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 190 கி.மீ. பலகை வயிற்றில் அடிக்கும். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடிமானம் போனதும் பிளேடின் மேலேயே விழும். கை விழுந்த பிறகு பிரேக் வேலை செய்யும். வயிற்றில் விழும் அடிக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மரம் ஏன் சாய்கிறது? பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, மரத்துக்குள் இருக்கும் இறுக்கம். தேக்கோ வேம்போ நீளவாக்கில் கிழிக்கும்போது உள்ளே அடங்கியிருந்த விசை விடுபட்டு, வெட்டிய பிளவு மூடிக்கொண்டு பிளேடை இறுக்கும். இரண்டாவது, மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் நிற்கும் நேர்ப்பட்டையான ஃபென்ஸ் பிளேடுக்கு நேராக இல்லாமல் பின்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது. மூன்றாவது, குறுக்கே அறுக்கும்போது மைட்டர் கேஜையும் ஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்துவது. அறுந்த துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு திரும்பினால், அடுத்த கணம் பறந்துவிடும்.

இதற்கு மருந்து ரைவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால், அதன் வளைவை ஒட்டி நிற்கும் எஃகுத் தகடு அது. பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும், சாயும். பிளேடின் உச்சியைவிடக் கொஞ்சம் தாழ்வாக நிற்பதால், பலகையில் பாதி ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுக்கும்போதுகூட அதைக் கழற்ற வேண்டியதில்லை. பற்களுக்கும் அதற்கும் இடையே 3 முதல் 8 மி.மீ. இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2008-ஐ ஒட்டித்தான் இது புதிய இயந்திரங்களோடு பரவலாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் காரணத்துக்காகவே யோசிக்க வேண்டும்.

ரைவிங் நைஃபைப் பலர் கழற்றிப் போடுவது சோம்பலால் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தவறான பிளேடுதான் காரணம். பிளேடின் தட்டு ஒரு தடிமன். பற்கள் இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருப்பதால் வெட்டின் அகலம் அதைவிடக் கூடுதல். ரைவிங் நைஃபின் தடிமன் இந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். தகட்டின் மேலேயே அதன் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், 2.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெட்டு 2.6, தட்டு 1.8 உள்ள பிளேடு அதற்குச் சரியாகப் பொருந்தும். மோட்டாருக்குச் சுமை குறையும் என்று வெட்டு 2 மி.மீ. உள்ள மெல்லிய பிளேடு வாங்கி மாட்டினால், மரம் ரைவிங் நைஃபில் முட்டி நின்றுவிடும். ‘இது வேலையைக் கெடுக்கிறது’ என்று தகட்டைக் கழற்றிவிடுவார்கள். அங்கிருந்து விபத்து தொடங்குகிறது. அதனால் புதிய பிளேடு வாங்குமுன் கடையிலேயே வெர்னியர் காலிப்பரால் இரண்டு அளவையும் எடுத்துப் பாருங்கள்.

ஃபென்ஸைச் சரிபார்ப்பதும் பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் குறி போடுங்கள். குறி போட்ட பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் மைட்டர் கேஜ் ஓடும் காடியிலிருந்து அதன் தூரத்தை அளக்க வேண்டும். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் 0.1 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு ஃபென்ஸை அந்தக் காடிக்கு இணையாக வைக்க வேண்டும். தவறு வருமானால், பின்பக்கம் ஒரு தாளின் கனம் அளவுக்கு வெளியே விலகியிருக்கட்டும். உள்ளே சாய்ந்திருக்கவே கூடாது.

கையைத் தூரத்தில் வைக்கும் மரக்கட்டை

பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் இடையே 15 செ.மீ.-க்குக் குறைவாக இருந்தால் கையால் தள்ளக் கூடாது. இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் குச்சி பலகையின் பின்முனையை மட்டுமே தள்ளும், மேலிருந்து அழுத்தாது. நாமே செய்துகொள்ளும் புஷ் பிளாக் அதைவிட மேல். 18 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு எடுங்கள். அதன் கீழ் விளிம்பு மரத்தின் மேல் 20 செ.மீ. நீளத்துக்கு முழுதாகப் படிய வேண்டும். பின்முனையில் மட்டும் 6 மி.மீ. கீழே நீட்டிக்கொண்டு, பலகையின் முனையைப் பிடிக்கும் ஒரு குதிகால். அறுக்கப்போகும் பலகை 6 மி.மீ.-ஐ விட மெல்லியது என்றால் குதிகாலையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு கைப்பிடி, எல்லா விளிம்பும் உப்புத்தாளால் தேய்த்து மழுங்கியிருக்க வேண்டும். பிளேடு இதை அறுத்துக்கொண்டே போகும், போகட்டும். குதிகால் தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று செய்யுங்கள். மீந்துபோன பிளைவுட்டுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

நிற்கும் இடமும் முக்கியம். பிளேடின் நேர்க்கோட்டில் வயிறு இருக்கக் கூடாது. ஃபென்ஸ் வலப்புறம் இருந்தால் நீங்கள் பிளேடுக்கு இடப்புறம். கையுறை வேண்டாம். சுழலும் பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சா ஸ்டாப் இயந்திரத்தில் கையுறை இன்னொரு தொல்லையும் தரும்: பற்கள் தோலைத் தொடும் வரை சமிக்ஞை சரியாது.

ஒரே நிறுவனத்திடம் இருப்பது ஏன்

இதைக் கண்டுபிடித்த ஸ்டீவ் காஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். 1999-இல் யோசனை உருவானது. பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்க முன்வராததால் ஓரிகன் மாநிலத்தில் தானே இயந்திரம் செய்து விற்கத் தொடங்கினார். வழக்கறிஞர் என்பதால் காப்புரிமைகளை நெருக்கமாக எழுதி வைத்திருந்தார். பாஷ் நிறுவனம் ரியாக்ஸ் என்ற டேபிள் சாவைக் கொண்டுவந்தது. அதில் காரில் ஏர்பேக் விரியும் முறையில் வாயு வெடித்துப் பிளேடைக் கீழே தள்ளும், பிளேடு கெடாது. 2017-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அதைக் காப்புரிமை மீறல் என்று சொல்லி இறக்குமதியைத் தடுத்தது. அதே ஆண்டில் ஜெர்மன் கருவி நிறுவனமான ஃபெஸ்டூலின் தாய் நிறுவனம் சா ஸ்டாப்பை வாங்கிக்கொண்டது. பாதுகாப்பு விதி கட்டாயமானால் முக்கியமான காப்புரிமை ஒன்றைப் பொதுவில் விட்டுவிடுவோம் என்று 2024-இல் சா ஸ்டாப் அறிவித்தது.

ஐரோப்பாவில் விரல் தொடும் முன்பே பிளேடை இறக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஃபெல்டர் நிறுவனம் மின்காந்தப் புலத்தால் கையின் அருகாமையை உணர்கிறது, ஆல்டன்டார்ஃப் கேமராவால் பார்க்கிறது. இரண்டும் தொழிற்சாலைப் பேனல் சாக்கள், வீட்டுக்கானவை கிடையாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஆபத்து வேறு இடத்தில்

தமிழ்நாட்டில் வீட்டில் மரவேலை தொடங்குகிறவர் பெரும்பாலும் டேபிள் சா வாங்குவதில்லை. மார்பிள் கட்டரையோ 4 அங்குல கிரைண்டரையோ வாங்கி, அதில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுகிறார். பல தச்சர்கள் மார்பிள் கட்டரைப் பிளைவுட்டுக்கு அடியில் தலைகீழாக முடுக்கி, சுவிட்சை லாக் செய்து டேபிள் சாவாக ஓட்டுகிறார்கள். கல் அறுக்க வந்த கருவி அது. நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று ஓடும். ரைவிங் நைஃப் இல்லை, தலைகீழாக்கியதும் மூடியும் இல்லை, அவசரத்துக்குத் தட்டி அணைக்கும் பட்டன் இல்லை. கிரைண்டரில் பல் பிளேடு இன்னும் மோசம்: மரத்தில் மாட்டிக்கொண்டால் கருவியே கையிலிருந்து துள்ளி முகத்துக்கோ தொடைக்கோ வரும். சா ஸ்டாப் தகுமா என்று விவாதிக்குமுன் கிரைண்டரிலிருந்து பல் பிளேடைக் கழற்றிவிட வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது மின்வெட்டு. கரண்ட் போனதும் இயந்திரம் நிற்கிறது, சுவிட்சை அணைக்க மறந்து பிளேடில் சிக்கிய துண்டை எடுக்கக் கை போகிறது, கரண்ட் திரும்பி வருகிறது. இதைத் தடுக்க நோ வோல்ட் சுவிட்ச் வேண்டும். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும், பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். பிராண்டட் டேபிள் சாக்களில் பெரும்பாலும் இது இருக்கும். பட்டறையில் செய்து வாங்கிய இயந்திரம் என்றால், தோட்டத்து மோட்டாருக்குப் போடும் சாதாரண டி.ஓ.எல். ஸ்டார்ட்டரை மோட்டாரின் குதிரைத்திறனுக்குத் தக்கபடி எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டாலே போதும். கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் அதில் இருக்கவே கூடாது. கிணற்றுக்கு வசதியாக இருப்பது இங்கே ஆளைக் கொல்லும். பட்டறை லைனுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும்.

விலை அதிகமில்லாத மின்னணுப் பாதுகாப்புகளும் உண்டு. வட்டு மாட்டிக்கொண்டால் மோட்டாரை உடனே நிறுத்தும் கிக்பேக் சென்சார் உள்ள கிரைண்டர்கள், சுவிட்சை விட்டதும் வட்டை நிறுத்தும் பிரேக், கையை எடுத்தால் அணையும் பேடில் சுவிட்ச். கிரைண்டர் வாங்கும்போது இவற்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது மறுயோசனை இல்லாமல் தகும்.

டேபிள் சாவே இல்லாமல்

வீட்டில் நடக்கும் வேலை பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டை நேராகத் துண்டு போடுவது. கனமான அந்த ஷீட்டைச் சின்ன டேபிள் சாவின் மேல் ஏற்றித் தள்ளுவது ஆபத்து, வெட்டும் நேராக வராது. கையில் பிடித்து ஓட்டும் 7 அங்குல சர்க்குலர் சாவும் நாமே செய்யும் ஒரு வழிகாட்டியும் இருந்தால் போதும். 8 அடி நீளம், ஓர் அடி அகலத்தில் 6 மி.மீ. பிளைவுட் எடுத்து, அதன் ஓரத்தை ஒட்டி, ஆலையிலேயே நேராக வெட்டி வந்த விளிம்பு (ஆலை விளிம்பு) உள்ள 18 மி.மீ. பட்டையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். ஆலை விளிம்பு சாவின் பக்கம் வர வேண்டும். சாவின் அடித்தட்டை அந்தப் பட்டையில் உரசி ஒருமுறை ஓட்டினால், மிச்சமான 6 மி.மீ. பிளைவுட் அறுந்து விழும். இனி அந்த விளிம்பே வெட்டுக்கோடு. குறியின் மேல் அதை வைத்து இரண்டு கிளாம்ப் போட்டால் வெட்டு துல்லியமாக வரும். தரையில் 50 மி.மீ. தெர்மோகோல் விரித்து, அதன் மேல் ஷீட்டை வைத்து அறுக்கலாம். பிளேடு ஷீட்டுக்குக் கீழே 3 முதல் 5 மி.மீ. நீட்டினால் போதும். முக்கியமாக, இரண்டு கையும் கருவியின் பிடியிலேயே இருக்கின்றன. மரம் அசைவதில்லை, நீங்கள்தான் நகர்கிறீர்கள்.

இதையே நிறுவனங்கள் டிராக் சா என்று செய்து விற்கின்றன. ஃபெஸ்டூலின் ஒரு மாடலில், கருவி தண்டவாளத்திலிருந்து எழும்பினால் உடனே பிளேடை நிறுத்தும் சென்சாரும் உண்டு. கெட்டி மரத்தை நீளவாக்கில் கிழிப்பதற்குப் பேண்ட் சா நல்லது. பிளேடு மரத்தை மேசையை நோக்கியே அழுத்துவதால் கிக்பேக் இல்லை. விரலை அறுக்காது என்று பொருளில்லை. இறைச்சிக் கடைகளில் எலும்பு அறுப்பதும் அதே இயந்திரம்தான்.

யாருக்குத் தகும்

கெட்டி மரத்தில் மேசை, நாற்காலி செய்கிறவர், வாரத்தில் பல மணி நேரம் டேபிள் சா முன்னால் நிற்கிறவர், அமெரிக்காவிலோ கனடாவிலோ வசிக்கிறவர்: 300 டாலர் வித்தியாசம் என்றால் தயங்க வேண்டாம், சிறிய மாடலையாவது வாங்குங்கள். பத்து வருடத்தில் இரண்டு முறை வீணாக வெடித்தாலும் 400 டாலர்தான் போகும். பட்டறையில் பிள்ளைகளுக்கோ நண்பர்களுக்கோ கற்றுக்கொடுக்கிறவர் இன்னும் கட்டாயமாக வாங்க வேண்டும். உங்கள் பழக்கத்தை நீங்கள் நம்பலாம், அடுத்தவர் கவனத்தை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

வருடத்துக்கு நான்கு பொருள் செய்கிறவர், பெரும்பாலும் பிளைவுட் என்றால், அந்தப் பணத்தைச் சர்க்குலர் சா, கிளாம்ப், நல்ல பிளேடு, தூசி முகமூடி ஆகியவற்றில் போடலாம். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. என்95 முகமூடி இல்லாமல் பட்டறையில் நிற்பதும் பாதுகாப்புக் குறைவுதான்.

எந்த இயந்திரமானாலும் முதலுதவியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை இதயத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து ஒட்டவைக்க முடியாமல் போகும். சில மணி நேரத்துக்குள் கை அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்குப் போயாக வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு, கோவையில் கங்கா மருத்துவமனை போன்ற இடங்கள் எங்கே இருக்கின்றன, உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டானது என்பதைச் சொல்லுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிச் சா ஸ்டாப் கொண்டுவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் மறுபடி யாரையாவது எதிர்பார்க்க வேண்டியும் வரும்.

பழைய சா ஸ்டாப் வாங்குகிறவர்கள் மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் சிவப்பு விளக்கு வரும், மோட்டார் ஓடாது. பலமுறை சாணை பிடித்துச் சிறுத்துப்போன பிளேடைப் போடக் கூடாது. பிரேக்குக்கும் பற்களுக்கும் இடைவெளி கூடிவிடும். காடி எடுக்கும் 8 அங்குல டேடோ பிளேடுகளுக்குக் கார்ட்ரிட்ஜ் தனி, 10 அங்குலத்துக்கு உரியதை அதில் மாட்ட முடியாது. கார்ட்ரிட்ஜ் வெடித்த அன்றே வேலை நின்றுபோகாமல் இருக்க, முதல் நாளே ஒரு கார்ட்ரிட்ஜும் ஒரு பிளேடும் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.